மோட்டார் என்னுடையது, தட்டு உன்னுடையது

வடக்குத்து ஊரின் தகரக் கொட்டகையில் இரும்போடு குடித்தனம் நடத்திய என் அருமை மாப்பிள்ளை ஏழுமலைக்கு,

உன் மச்சான் கலியபெருமாள் எழுதுகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. போன இடத்தில் பெல்ட் ஓடுகிறதா, அதில் மண் ஒட்டுகிறதா என்றுதான் நீ முதலில் விசாரித்திருப்பாய். ஒட்டுகிறது என்று சொல்லியிருந்தால் இந்நேரம் எங்காவது ஒரு தகட்டை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

இந்தக் கடிதம் நம் ஊர் மன்றத்து ஆண்டு மலரில் வருகிறது. ஆமாம், அதே மலர்தான். "அதுல எழுதித்தான் இத்தன வம்பும் வந்துச்சு. திரும்ப அதுலயே எழுதப் போறியா அண்ணா?" என்று உன் பொண்டாட்டி தனம் கேட்டாள். அதிலேதான் எழுதுவேன் என்றேன். வம்பு எந்த வாசல் வழியாக வந்ததோ அந்த வாசலில் நாற்காலி போட்டு உட்காருவது என் வழக்கம். என் தங்கைக்கு இது தெரியும். தெரிந்தும் கேட்பாள்.

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை என்று டவுன்ஷிப்பில் இன்னமும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பள்ளிக்கூடத்தால்தான் என்னைத் தாண்ட முடியவில்லை. சுரங்கத்து கேன்டீனில் முழு சர்வீசும் முடித்தவன் நான். பெரிய பெரிய இன்ஜினியர்கள் டீயில் எவ்வளவு சர்க்கரை போடலாம் என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் ஸ்பூனையே தொடுவார்கள். அப்படிப்பட்டவன் எழுதிய எழுத்தைக் காப்புரிமை ஆபீசில் விசாரித்தார்கள் என்றால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

மலரைப் படிக்கிறவர்களில் உன்னைத் தெரியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு உன் மிஷினைச் சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொன்னால் தப்பில்லை.

பழுப்பு நிலக்கரியைச் சுமந்து வரும் ரப்பர் பெல்ட், சுமையைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது வெறுமனே திரும்புவதில்லை. மழைக்காலத்தில் ஈரக்கரியும் களிமண்ணும் பலாப்பழப் பிசின் மாதிரி அதில் ஒட்டிக்கொண்டு வரும். வழியெல்லாம் உதிரும். உதிர்ந்ததை அள்ளுவது உன்னைப் போன்ற கான்ட்ராக்ட் ஆட்களின் வேலை. ஒட்டியதைச் சுரண்ட ஒரு தகடு வைப்பார்கள். இறுக்கி வைத்தால் வெயில் காலத்தில் பெல்ட்டையே தேய்த்துவிடும். தளர்த்தி வைத்தால் மழைக்காலத்தில் சேற்றைத் தடவிக்கொடுத்து அனுப்பிவிடும்.

நீ அந்தத் தகட்டை ஓர் அச்சில் ஏற்றினாய். அச்சுக்கு மறுபக்கம் ஒரு தட்டை மாட்டினாய். சுரண்டிய மண் தட்டில் விழும். மண்ணின் எடையில் தட்டு கீழே இறங்கும். தட்டு இறங்கினால் தகடு மேலே ஏறி பெல்ட்டை அழுத்தும். தட்டுக்கு ஒரு சாய்வு வைத்தாய், மண் மெல்ல நழுவிப் போவதற்கு. சேறு வருவது நின்றால் தட்டு காலியாகும், தகடு தானாகத் தளரும். ஸ்பிரிங் கிடையாது, கரன்ட் கிடையாது. ஒட்டுகிற மண்ணையே கூலியில்லாத ஆளாக்கி வேலை வாங்கினாய்.

இதை முதன்முதலில் எனக்குத்தான் காட்டினாய். நினைவிருக்கிறதா? கொட்டகையில் நாம் இருவர் மட்டும். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது மாப்பிள்ளை. என் தங்கை புருஷன் உலகத்தில் யாரும் செய்யாததைச் செய்திருக்கிறான், அது பார்ப்பதற்குக் கல்யாணச் சமையலில் சாதம் வடிக்கிற தட்டு மாதிரி இருக்கிறது. இதை எப்படி மலரில் எழுதுவது? தட்டு என்று எழுதினால் எவன் படிப்பான்? அதனால்தான் உனக்கு நான் ஒரு மோட்டார் கொடுத்தேன்.

நான் எழுதியதை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வேன். "ஏழுமலையின் மிஷினுக்கு ஒரு மின்சாரக் கண் உண்டு. அந்தக் கண் சேற்றைக் கண்டதும் தேங்காய் அளவுள்ள மோட்டாருக்குச் சேதி அனுப்பும். மோட்டார் தகட்டைப் பிடித்து பெல்ட்டோடு அழுத்தும். சேறு கூடினால் தானே அழுத்தும், சேறு குறைந்தால் தானே தளரும், இப்படியொரு சுரண்டியை உலகம் கண்டதில்லை." மலர் வந்ததும் நூலகத்துக்கு என் கையாலேயே இரண்டு படி கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டு சலூனுக்கு ஒன்று. திருவதிகையில் சம்பந்தி வீட்டுக்கு ஒன்று.

நீ படித்துவிட்டுச் சிரித்தாய். கோபப்படவில்லை. "மச்சான், என் மிஷினவிட உன் மிஷின் நல்லாருக்குது. எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு" என்றாய். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, சட்டம் போட்டு, கொட்டகையில் மாட்டினாய். சுரங்கத்தில் மூன்று ஏழுமலைகள் இருந்ததால் உன்னைப் பிரித்துச் சொல்ல எல்லோரும் 'கான்ட்ராக்ட் ஏழுமலை' என்பார்கள். கேட் பாஸிலும் பெயருக்குப் பக்கத்தில் அதுதான். என் கட்டுரையில் மட்டும்தான் நீ வெறும் ஏழுமலை. அதற்காகத்தான் மாட்டினாயோ என்னவோ, நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நீ மழை மழையாக அந்தத் தட்டின் சாய்வை மாற்றிக்கொண்டிருந்தாய். உன் மகள் கயல்விழி இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் காப்புரிமை விண்ணப்பம் எழுதும் ஓர் அம்மாவிடம் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் விண்ணப்பம் போனது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உன் கையெழுத்து. பதில் வருவதற்குள் நீ புறப்பட்டுவிட்டாய். என்ன அவசரம் மாப்பிள்ளை?

நீ போன பிறகு வெளிமாநிலத்துக் கம்பெனி ஒன்று எதிர்ப்பு மனு போட்டது. அவர்களும் சுரண்டும் தகடு செய்து விற்கிறவர்கள். உன் மிஷின் புதிது இல்லை, விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அச்சில் வந்துவிட்டது என்றார்கள். எங்கே வந்தது? நம் மலரில். எழுதியது யார்? சாட்சாத் நான்தான். நூலகத்தில் நான் கொடுத்த படியையே எடுத்து, முத்திரையோடு நகல் எடுத்து, இங்கிலீஷில் பெயர்த்து வைத்திருந்தார்கள்.

காப்புரிமைச் சட்டம் அப்படித்தானாம். உலகத்தில் எந்த மூலையில், எந்தப் பாஷையில், எவ்வளவு சின்னப் புத்தகத்தில் வந்திருந்தாலும், ஜனங்கள் படிக்கக் கிடைத்துவிட்டால் அது வெளியானதுதான். மன்றத்து மலரும் கணக்கில் சேரும். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். ஆனால் உன் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை.

தனம் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "அந்த மனுசன் வாயத் தொறக்காம ராவும் பகலும் செஞ்சுது. நீ வாயத் தொறந்தே முடிச்சுட்ட அண்ணா" என்றாள். "பணம் வரட்டும் வராம போவட்டும். கவருமென்டு காயிதத்துல அது பேரு ஒரு தரம் வந்துடும்னு பாத்துக்கினு இருந்தேன்."

நான் பதில் சொல்லவில்லை. ஏழுமலை, நான் பதில் சொல்லாமல் இருந்த நாட்கள் என் வாழ்க்கையில் எத்தனை என்று உனக்குத் தெரியும்.

உன் சம்மதம் இல்லாமல் அச்சிட்டது என்று சொல்லித் தப்பிக்க ஒரு வழி இருக்கிறதா என்று கயல்விழி பார்த்தாள். இருந்தது. ஆனால் அப்படியென்றால் விஷயம் தெரிந்ததும் காலம் கடத்தாமல் விண்ணப்பம் போட்டிருக்க வேண்டுமாம். நீ அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, பல மழை பார்த்த பிறகு போட்டாய். அந்தக் கதவு மூடியாயிற்று.

அடுத்து அவளுடைய சீனியர் அம்மா ஒரு பிரமாணப் பத்திரம் தயார் செய்து அனுப்பினார். 'நான் எழுதிய கட்டுரை பொய்யும் கற்பனையும் கலந்தது, நம்பத்தக்கது அல்ல' என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். பேனாவை மேஜையில் வைத்துவிட்டேன்.

"மாமா, அப்பாவுக்காகப் போடுங்க" என்றாள் கயல்விழி.

"உங்கப்பனுக்காகத்தான் போட மாட்டேங்கறேன். அவன் அதச் சட்டம் போட்டு மாட்டனான். பொய்யயா மாட்டனான்?"

அவள் எழுந்து போய்விட்டாள். நானும் விடவில்லை. சாயங்காலம் அவளைக் கொட்டகைக்குக் கூப்பிட்டு, அந்த எதிராளி என் கட்டுரையை என்னவென்று பெயர்த்திருக்கிறான், எனக்குத் திரும்பத் தமிழில் சொல் என்றேன். என் எழுத்து இங்கிலீஷில் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஓர் ஆசை. அவள் வேண்டாவெறுப்பாக வரி வரியாகச் சொன்னாள். ஏழுமலை ஒரு சுரண்டி செய்தார். சேறு கூடினால் தானே அழுத்தும். சேறு குறைந்தால் தானே தளரும்.

"என் கண்ணு எங்க? மோட்டார் எங்க?" என்றேன்.

கண்ணும் மோட்டாரும் வருகிற மூன்று வாக்கியத்தையும் வெட்டிவிட்டு, 'இங்கே கட்டுரையாளரின் அலங்காரம் விடப்பட்டது' என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தான். எனக்கு வந்த கோபத்தில் கொட்டகையே ஆடியது. கயல்விழி மட்டும் ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். சுவரில் நீ மாட்டிய பக்கத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி படித்தாள்.

"மாமா, நானும் இதுல கண்ணு, மோட்டாரெல்லாம் தள்ளிட்டுத்தான் இத்தன வருஷம் படிச்சுக்கினு இருந்தேன். நீங்க சும்மா விட்டதுதானேன்னு. அப்பா மிஷின நான் பார்த்திருக்கேன். அதனால இதுல தட்டு இல்லாமலே எனக்குத் தட்டு தெரிஞ்சிருக்குது."

நம் ஜனங்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது, மாப்பிள்ளை. கலியபெருமாள் சொன்னால் பாதியைக் கழித்துவிட்டு எடுத்துக்கொள்வது. அந்தக் கழிவு எப்படியோ வெளிமாநிலம் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் காப்புரிமை விஷயத்தில் கழிக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது. பழைய காகிதத்தை, அது வெளிவந்த நாளில் அந்தத் தொழில் தெரிந்த ஒருவன் முழுசாகப் படித்தால் என்ன விளங்கிக்கொள்வானோ, அதுதான் அதில் இருப்பது. பின்னால் வந்த மிஷினைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போய் அதற்குள் நுழைக்கக் கூடாது. எழுதினவன் மனசில் என்ன இருந்தது என்பதும் கணக்கில்லை. இதெல்லாம் உன் மகள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. நான் பத்து நிமிஷத்தில் கற்றுக்கொண்டேன். வக்கீல்களுக்குப் பத்து வருஷம் ஆகுமாம்.

மறுநாளே நான் ஒரு சோதனை செய்தேன். பெல்ட் செக்‌ஷனில் வேலை பார்த்து ரிட்டயர் ஆகி, பிள்ளையோடு குவார்ட்டர்சில் இருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சியிடம் போனேன். அவர் உன் மிஷினைப் பார்த்ததே இல்லை. பக்கத்தைக் கையில் கொடுத்து, இதை வைத்து ஒன்று செய்ய முடியுமா அண்ணாச்சி என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"மோட்டார் கெடக்கட்டும். இந்தக் கண்ண எங்கவே மாட்டுவீரு? ஒரு ஷிப்ட் தாங்காது, சேறு மூடிருமில்லா" என்றார். ஒரு காகிதத்தில் பெல்ட், கண், வயர், மோட்டார் எல்லாம் வரைந்தார். தட்டு வரையவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லாமல் நின்றேன் என்று யாரிடமாவது சொன்னால் நம்ப மாட்டார்கள். கயல்விழி அந்தப் படத்தோடு அவரிடம் ஒரு பிரமாணப் பத்திரமும் வாங்கிக்கொண்டாள். எனக்குத் தயார் செய்திருந்ததைக் கிழித்துப் போட்டாள்.

எதிராளியிடம் இன்னொரு காகிதமும் இருந்தது. வெளிநாட்டில் எப்போதோ வந்த ஒரு படம். அதில் சுரண்டும் தகட்டுக்குக் கீழே ஒரு தட்டு இருக்கிறது. விழுகிற மண்ணைப் பிடிக்க மட்டும், அது அசையாது. மலரிலிருந்து 'தானே அழுத்தும்' என்பதை எடு, படத்திலிருந்து தட்டை எடு, சேர்த்தால் ஏழுமலை மிஷின் என்றான். புதுமை என்று பார்க்கும்போது அப்படி ஒட்டுப்போட வழியில்லையாம். ஒரே காகிதத்தில் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். சேர்த்துப் பார்ப்பது வேறொரு சண்டை, அந்தச் சண்டைக்கும் கயல்விழி தனியாகத் தயார் செய்திருந்தாள். மின்சாரக் கண்ணையும் மோட்டாரையும் படித்தவன், அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, அசையாத தட்டைப் பிடுங்கித் தராசுத் தட்டாகத் தொங்கவிட வேண்டும் என்று எதை வைத்து நினைப்பான்?

விசாரணை வீடியோவில் நடந்தது. சென்னைக்குக்கூடப் போகவில்லை. உன் கொட்டகையில்தான், உன் வெல்டிங் மேஜையின் மேல் கம்ப்யூட்டர். தெருவே ஜன்னலில் நின்றது. முத்தாண்டிக்குப்பத்திலிருந்துகூட ஆள் வந்தார்கள் என்று நான் சொன்னால் தனம் மறுப்பாள், நீ நம்பு. எதிர்த்தரப்பு வக்கீல் நன்றாகத்தான் பேசினார். இப்படியொரு மோட்டார் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, இதெல்லாம் ஊர்ப்பெருமை, தொழில் தெரிந்தவன் உமியை ஊதிவிட்டு அரிசியைத்தான் எடுத்துக்கொள்வான் என்றார். உமி என்றார், மாப்பிள்ளை. நான் பொறுத்துக்கொண்டேன்.

கயல்விழி பதில் சொன்னாள். ஊதிய பிறகு கையில் மிஞ்சுவது ஒரு பலன் மட்டும்தான், வழி இல்லை என்றாள். தானே அழுத்த வேண்டும் என்று யாரும் ஆசைப்படலாம், எப்படி அழுத்தும் என்று சொன்னால்தான் அது சொன்னதாகும். இந்தப் பக்கத்தில் சொல்லியிருக்கிற ஒரே வழி மோட்டார், அதையும் வெட்டிவிட்டால் இதில் மிஷினே இல்லை என்றாள். ஒரு சொல்லும் தவறவில்லை.

விசாரித்த அதிகாரி தமிழ் தெரிந்தவர். கட்டுரை எழுதினவர் அங்கே இருக்கிறாரா என்று கேட்டார். தனம் என் சட்டையைப் பின்னால் பிடித்தாள். நான் போய் முன்னால் உட்கார்ந்தேன்.

"நீங்க எழுதின மோட்டார் நிஜமாவே இருந்துச்சா?"

சொல்வதற்கு என்னிடம் எத்தனை மோட்டார் இருந்தது தெரியுமா? பித்தளையில் ஒன்று, ஜெர்மன்காரன் செய்தது ஒன்று. எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"ஐயா, என்னைக் கேட்டீங்கன்னா இன்னும் ரெண்டு மோட்டார் சேத்துச் சொல்லுவேன். அது என் சுபாவம். அந்தப் பக்கத்தக் கேளுங்க. அது அன்னைக்கு என்னா சொல்லுச்சோ அதத்தான் இன்னைக்கும் சொல்லும். அதுல மோட்டார் இருக்குது. தட்டு இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க."

அதிகாரி குனிந்து படித்தார். நிமிர்ந்தபோது உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது. எழுந்து நின்று கும்பிட்டார் என்று நான் சலூனில் சொல்லியிருக்கிறேன். இங்கே அச்சில் வருவதால் சிரித்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போன மாதம் உத்தரவு வந்தது. எதிர்ப்பு மனு தள்ளுபடி. என் கட்டுரை சொல்வது மின்கண்ணும் மோட்டாரும் கொண்ட வேறொரு கருவி என்று எழுதியிருக்கிறார்கள். உன் தட்டு அதில் எங்கும் இல்லையாம். அந்த வெளிநாட்டுப் படத்தைச் சேர்த்தாலும் உன் மிஷின் வராதாம். ஆக, உன் மிஷின் வேறு, என் மிஷின் வேறு என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது. என் எழுத்தில் பாதியைக் கழித்துப் படித்தவர்கள் எல்லோரும் இனி அந்த உத்தரவைப் படித்துக்கொள்ளட்டும். ஓர் எழுத்தை மாற்ற மாட்டேன். மறுபதிப்பு போட்டால் கண்ணை இரண்டாக்கலாம் என்றிருக்கிறேன்.

காப்புரிமைப் பத்திரத்தைக் கயல்விழி அச்செடுத்து வந்தாள். தனத்துக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. உன் பெயர் எங்கே என்று கேட்டு, அந்த இடத்தில் விரலை வைத்தாள். விரலைப் பக்கத்தில் நகர்த்திப் பார்த்தாள்.

"பேருக்குப் பின்னால ஒண்ணும் போடலியே."

"ஒண்ணும் இல்லம்மா. அப்பா பேரு மட்டும்தான்."

"கான்ட்ராக்டுன்னு?"

"இல்லம்மா."

அவள் விரலை எடுக்கவே இல்லை. அப்படியே என் பக்கம் திரும்பி, "அண்ணா, சாப்ட்டுட்டுப் போ" என்றாள். மாதக்கணக்கில் அவள் என்னிடம் சொல்லாத வார்த்தை அது. இப்போது கொட்டகைச் சுவரில் அந்தப் பத்திரமும் என் கட்டுரையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. என்னுடையது கொஞ்சம் உயரமாக இருக்கிறது. ஆணி அப்படி அமைந்துவிட்டது.

இன்னொரு சேதி. உன் மகள் உன் தட்டில் புதிதாக ஒன்று செய்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக வந்து உன் கொட்டகையில் உட்கார்ந்து செய்தது. எனக்குத்தான் முதலில் காட்டினாள், உன்னை மாதிரியே. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், மாப்பிள்ளை. நீ பார்த்தால் அழுவாய்.

என்னவென்று கேட்கிறாயா? சொல்ல மாட்டேன். உனக்கும் சொல்ல மாட்டேன். இந்தக் கடிதத்தை நீ படிப்பாயோ இல்லையோ, நாலு பேர் படிப்பார்கள், நூலகத்துக்கு நானே இரண்டு படி கொடுப்பேன். அவள் விண்ணப்பத்தைப் பதிவு செய்கிற நாள் வரைக்கும் கலியபெருமாள் வாயிலிருந்து ஒரு சொல் வராது. சலூனில் இல்லை, சம்பந்தி வீட்டில் இல்லை, உன் படத்துக்கு முன்னால் தனியாக நிற்கும்போதும் இல்லை. இது உன்மேல் சத்தியம். நான் செய்ததிலேயே கஷ்டமான சத்தியம் இதுதான் என்று உனக்குத் தெரியும்.

பதிவு செய்த மறுநாள் வருகிறேன். உட்கார்ந்து கேள். மோட்டாரோடு சொல்கிறேன்.

உன் பொண்டாட்டிக்கு அண்ணன்,
உன் மகளுக்கு வாயை மூடத் தெரிந்த தாய்மாமன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
கலியபெருமாள்